மலாவி விவசாயிக்கு எது கட்டும்: உர மூட்டையா, துவரையா?

ஆப்பிரிக்க நாடான மலாவியின் தென்பகுதியில் ஒரு ஹெக்டேர் நிலம் இருந்தாலே பெரிய விஷயம். அதில் மக்காச்சோளத்தை மட்டும் விதைத்து உரம் போடுவது ஒரு வழி. அதே பாரில், அதாவது விதைக்கும் மண்மேட்டில், இடையிடையே துவரையையும் ஊன்றுவது இன்னொரு வழி. துவரைக்கு அங்கே பெயர் நந்தோலோ.

மூட்டைக் கணக்கு மட்டும் பார்த்தால், நல்ல மழை பெய்த வருடம் உரம் போட்ட மக்காச்சோளம்தான் ஜெயிக்கும். அரசு 2005-06 பருவத்திலிருந்து மானிய உரம் கொடுத்ததும் இதை நம்பித்தான். ஆனால் உரம் வாங்க வேண்டிய நவம்பர், டிசம்பரில்தான் வீட்டில் காசும் தானியமும் தீரத் தொடங்கும். மானியச் சீட்டு கிடைக்காவிட்டால் கடன்தான். மழை பொய்த்தால் கடன் மட்டும் மிஞ்சும்.

துவரைக்கு அப்படிப் பெரிய முதல் வேண்டாம், கொஞ்சம் விதை போதும். இரண்டையும் சேர்த்தே விதைக்கிறார்கள். துவரை முதல் சில மாதம் மெதுவாகத்தான் வளரும் என்பதால் மக்காச்சோளத்தோடு மல்லுக்கு நிற்பதில்லை. ஏப்ரல் வாக்கில் கதிர் ஒடித்ததும் வெயில் பட்டுக் கிடுகிடுவெனக் கிளம்பி, அடிமண்ணில் மிஞ்சிய ஈரத்தைக் குடித்து ஜூலை, ஆகஸ்டில் அறுவடைக்கு வரும். களையெடுத்த கூலி இரண்டுக்கும் பொது. உதிரும் இலை மண்ணுக்குத் தழைச்சத்து, மிளார் அடுப்புக்கு விறகு. வரவு செலவு எழுதுகிறவர்கள் இந்த விறகைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். விறகு சுமக்கும் பெண்களைக் கேட்டால் விடமாட்டார்கள்.

சரி, துவரையின் பலவீனம்? விலை டெல்லியின் கையில் இருக்கிறது. 2017 ஆகஸ்டில் இந்தியா துவரை இறக்குமதிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் டன் என உச்சவரம்பு போட்டது. மலாவிச் சந்தையில் விலை சரிந்தது. நம் சாம்பாருக்கும் அவர்கள் பள்ளிக் கட்டணத்துக்கும் அவ்வளவு நெருக்கம். 2021இல் மலாவியிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 50,000 டன் வாங்க ஒப்பந்தமானது. கொஞ்சம் ஆறுதல்தான், ஆனால் வயலில் வாங்க வரும் வியாபாரி சொல்வதே விலை.

மக்காச்சோளத்துக்கு எந்த மாத விலையைப் போடுவது என்பதிலும் சூட்சுமம் உண்டு. அறுவடை நேர மலிவு விலையில் கணக்கிட்டால் துவரை எளிதாக முந்தும். ஜனவரி, பிப்ரவரியில் அதையே காசு கொடுத்து வாங்கும் குடும்பத்துக்கு ஒவ்வொரு கிலோவும் அந்த உச்ச விலைக்குச் சமம். அப்போது இடைவெளி சுருங்கும்.

என் ஓட்டு ஊடுபயிருக்குத்தான், கிடைக்கிற அளவு உரத்தையும் சேர்த்துப் போட்டு. ஆனால் ஒரு நிபந்தனை: மக்காச்சோள அறுவடைக்குப் பிறகும் ஆடுகளைக் கட்டிப்போடும் ஊராக இருக்க வேண்டும். அவிழ்த்துவிடும் ஊரில் ஒருவர் மட்டும் துவரை போட்டால், அது ஆடுகளுக்குப் போட்ட தீவனம்.