தோல் கணக்குக்கு ஃபிளாஸ்க் புளூபிரின்ட் எப்படி?

ராணிப்பேட்டையில் ஒரு தோல் பதனிடும் யூனிட்டுக்கு நான் எழுதிக் கொடுத்த ஸ்டாக் ஆப், பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் ஃபிளாஸ்க்கில்தான் ஓடுகிறது. பச்சைத் தோல் வரவு, பதனிடுதல், பில் எல்லாம் தனித்தனி புளூபிரின்ட் (ஆப்பைப் பிரித்து வைக்கும் பகுதி), தனித்தனி ஃபோல்டர். பில்லில் வரி மாற வேண்டுமா, அந்த ஃபோல்டரை மட்டும் திறந்தால் போதும்.

உறுத்துவது டெம்ப்ளேட்தான், அதாவது திரையில் வரும் பக்கத்தின் HTML அச்சு. இரண்டு புளூபிரின்ட்டில் 'இன்டெக்ஸ்' என்று ஒரே பெயரில் கோப்பு இருந்தால், முதலில் பதிவான புளூபிரின்ட்டுடையதையே எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தியும் வராது. பில்லைக் கேட்டால் தோல் பட்டியல் வந்து நிற்கும்! டெம்ப்ளேட் ஃபோல்டருக்குள் புளூபிரின்ட் பெயரிலேயே இன்னொரு ஃபோல்டர் போட்டால் சரியாகிவிடும்.

பைத்தானின் இன்னொரு வெப் ஃபிரேம்வொர்க்கான ஜாங்கோ மாதிரி ஃபோல்டர்களை ஃபிளாஸ்க் போட்டுத் தராது. எனக்கு அதுதான் வசதி. ஆனால் காட்பாடி பக்கம் புதிதாகக் கற்கும் பையன்கள் கேட்டால் ஜாங்கோவைத்தான் கைகாட்டுவேன்.