கடைசி மாதச் சம்பளத்தை மீட்க எந்த வழி மேல்?

வேலையை விட்டு விலகியவரிடம் "செட்டில்மென்ட் நடந்துகொண்டிருக்கிறது" என்று மாதக்கணக்கில் சொல்லிவரும் நிறுவனங்களுக்கு, 2025 நவம்பர் 21 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்திருக்கும் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத்தொகுப்பு சாக்குச் சொல்ல இடம் வைக்கவில்லை. நீக்கப்பட்டவரானாலும் தாமாக ராஜினாமா செய்தவரானாலும், அவருக்குச் சேர வேண்டிய ஊதியத்தை இரண்டு வேலை நாட்களுக்குள் தந்துவிட வேண்டும். இதற்கு முன்பிருந்த 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் இந்தக் கெடு முதலாளி வேலைநீக்கம் செய்தவர்களுக்கு மட்டுமே இருந்தது. தராதபோது எங்கே போவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

பெரும்பாலோர் முதலில் நாடுவது வக்கீல் நோட்டீஸ். செலவு குறைவு, வழக்குக்கு அஞ்சும் நிறுவனம் உடனே பணத்தைத் தந்துவிடுவதும் உண்டு. ஆனால் நோட்டீஸைப் பெற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிடும் முதலாளியை அது ஒன்றும் செய்யாது. பதினைந்து நாள் கெடு வைத்து ஒரு முறை அனுப்பலாம். இரண்டாவது நோட்டீஸ் காலவிரயம்.

என் கணிப்பில் முதலிடம், ஊதியச் சட்டத்தொகுப்பின்கீழ் நியமிக்கப்படும் அதிகாரியிடம் தரும் கோரிக்கை மனுவுக்கே. முன்பு மாதம் 24,000 ரூபாய்க்கு மேல் வாங்கியவர்களுக்கு மூடியிருந்த இந்தக் கதவு இப்போது மேலாளர்களுக்கும் திறந்திருக்கிறது. மனு செய்யும் அவகாசமும் 12 மாதத்திலிருந்து மூன்று ஆண்டாக நீண்டிருக்கிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, சம்பளம் தந்துவிட்டதாக மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியின் தலையில் விழுகிறது என்பது. நியமன ஆணையும் வங்கிக் கணக்கு விவரமும் தவிர வேறு எதுவும் கையில் இல்லாத ஊழியருக்கு இது எவ்வளவு பெரிய பலம் என்பதை, ஆவணம் இல்லாமல் அலைந்தவர்கள் அறிவார்கள். நிலுவையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும், தராவிட்டால் நிலவரிப் பாக்கியைப் போல ஆட்சியர் வழியே வசூலிக்கவும் சட்டம் வழி செய்கிறது. மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டத்தின் சொல். நடைமுறையில் கூடுதலாக ஆகலாம் என்று எண்ணிக்கொள்வது நல்லது.

தொழில் தீர்ப்பாயத்தில் நிலுவையைக் கணக்கிட்டுத் தரச் சொல்லும் மனு இதற்கு அடுத்தது. அது தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருபவருக்கு மட்டுமே உரியது. மேலாளர்களும், மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்களும் வெளியே நிற்க வேண்டும். உரிமையே சர்ச்சைக்குரியதானால் அதை இந்த வகை மனுவில் தீர்மானிக்க முடியாது என்று முந்தைய தொழில் தகராறுகள் சட்டத்தின் கீழ் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதும் ஒரு தடை.

அதிகாரியிடம் கோரக்கூடிய ஊதியத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரவே முடியாது என்பதால், அதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கிராச்சுவிட்டி எனும் பணிக்கொடை ஊதியச் சட்டத்தொகுப்பில் ஊதியம் ஆகாது. அதற்குத் தனி மனு தேவை.

நிறுவனமே நொடித்துப்போனால் நிலைமை தலைகீழாகிறது. திவால் நடவடிக்கையைத் தொடங்கக் குறைந்தது ஒரு கோடி ரூபாய் பாக்கி வேண்டும் என்று 2020 மார்ச்சில் உயர்த்தப்பட்டதால், தனி ஊழியர் இதைத் தாமே தொடங்குவது அரிது. வேறு யாரேனும் தொடங்கி, தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் தடைக்காலம் அறிவித்துவிட்டால், மேலே சொன்ன மனுக்கள் எல்லாம் நின்றுபோகும். அப்போது அதிகாரியின் அலுவலகத்துக்கு நடப்பதை விட்டுவிட்டு, திவால் நடவடிக்கை பற்றிய பொது அறிவிப்பில் குறித்துள்ள கடைசி நாளுக்குள், அந்த நடவடிக்கையை நடத்த நியமிக்கப்படும் இடைக்காலத் தீர்வு நிபுணரிடம் தம் பாக்கியைப் பதிவு செய்துவிட வேண்டும்.