கால் அங்குலத் தையலுக்கு ஒரு பால்மரக் கட்டை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். வெட்டி மிஞ்சிய பருத்தித் துண்டுகள், பாத்தேக் துணி எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டுப்போர்வை தைப்பது என் இரவு வேலை. ஆறு மாதமாக இஸ்திரி மேசையில் ஒரு மரக்கட்டை இருக்கிறது. தேய்த்த தையலைச் சூடு ஆறும்வரை அழுத்தித் தட்டையாக்கும் கட்டை, கிளாப்பர் என்பார்கள். இணையத்தில் 35 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். ஒரு சாண் நீளம், பக்கவாட்டில் விரல் பதியப் பள்ளம், வார்னிஷ் கிடையாது. பால்மரம், அதாவது ரப்பர் மரம் என்று போட்டிருந்ததும் வாங்கிவிட்டேன். அம்மா தோட்டத்தில் சீவிய மரமாயிற்றே.

இரண்டரை அங்குலச் சதுரம் ஒன்பது சேர்த்தால் கட்டம் ஆறரை அங்குலம் வர வேண்டும். எனக்கு ஆறேகால்தான் வரும். கால் அங்குலம் சரியாகப் பிடித்துத்தான் தைப்பேன். ஆனால் தையலை முழுதாக விரிக்காமல் தேய்த்ததால், மடிப்புக்குள் கொஞ்சம் துணி ஒளிந்துகொண்டது. நட்சத்திரக் கட்டம் இன்னும் மோசம். எட்டு முனையும் சேரும் நடுவில் புளியங்கொட்டை மாதிரி புடைத்து நிற்கும். ஊசி அங்கே போனாலே தையல் விட்டுப்போகும்.

இப்போது செய்வது இதுதான். தைத்தபடியே, பிரிக்காமல் ஒருமுறை சூடு வைக்கிறேன். அப்புறம் விரித்து, தையலை அழுத்தமான நிறத்துப் பக்கம் சாய்த்து, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் தூக்கித் தூக்கி வைக்கிறேன். இழுத்தால் மூலைவாட்டில் வெட்டிய துணி நீண்டுவிடும். ஆவி கொடுத்தவுடன் பெட்டியை எடுத்துவிட்டுக் கட்டையை வைத்து, பதினைந்து எண்ணும்வரை அழுத்துகிறேன். ஈரத்தை மரம் உறிஞ்சிக்கொள்ளும், சூடு சீக்கிரம் வெளியேறாது. துணி தட்டையாகவே ஆறிப்போகும். முதல் நாள் தடவிப் பார்த்தபோது தையல் எங்கே என்று விரலுக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அவ்வளவு சந்தோஷம் எனக்கு!

வரிசைகளை எதிரெதிர்ப் பக்கம் சாய்த்துப் படிய வைத்தால் மூலைகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். குண்டூசி குத்தும் வேலையும் குறைகிறது.

இதற்கு முன் வேறொருவரிடம் வாங்கிய கட்டைக்கு வார்னிஷ் அடித்திருந்தது. ஆவி பட்டதும் பிசுபிசுத்து, வெள்ளைத் துணியில் மஞ்சள் கறை. திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். மூன்று கட்டங்களைப் பிரித்துத் தைத்தேன். ஆகவே வாங்கும்போது பூச்சு இல்லாததா என்று கேட்டுவிடுங்கள்.

குறை என்றால், நாற்பது கட்டம் முடிப்பதற்குள் மணிக்கட்டு வலிக்கிறது. பாலியஸ்டர் கலந்த துணி பழையபடி எழும்பிவிடும், பருத்திக்குத்தான் இது. கோணலாகத் தைத்ததையும் இது நேராக்காது. பால்மரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். நம் ஊர் மழைக்காலத்தில் வேலை முடிந்ததும் காற்றாட நிமிர்த்தி வைக்க வேண்டும்.

இதிலேயே குட்டையாக, உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று கிடைத்தால் உடனே வாங்குவேன். நட்சத்திரத்தின் நடுவுக்கு அதுதான் தோது.