கேனான் லைடு 300: ஸ்கேனரின் எண்களைப் படித்து வாங்குங்கள்

கேனான் லைடு 300 ஸ்கேனரின் விவரக்குறிப்பில் 2400 டிபிஐ என்றிருப்பது அதன் ஒளியியல் பிரிதிறன், அதாவது கண்ணாடிக்கு அடியில் நகரும் உணரி ஓர் அங்குலத்தில் உண்மையாகவே பதிவுசெய்யும் புள்ளிகளின் எண்ணிக்கை. சில கருவிகளுக்கு 19200 போன்ற பெரிய எண்களும் தரப்படுகின்றன. மென்பொருள் இடைப்புள்ளிகளைக் கணித்து நிரப்புவதால் கிடைப்பவை அவை. வாங்கும் முடிவில் அவற்றுக்கு இடமே தர வேண்டாம்.

அந்த 2400கூட அன்றாட வேலைக்கு மிக அதிகம். ஏ4 தாள் ஒன்றை 300 டிபிஐயில் வண்ணத்தில் எடுத்தால் சுருக்கப்படாத கோப்பு ஏறத்தாழ 26 எம்பி வரும். அதையே 2400இல் எடுத்தால் 64 மடங்காகி 1.6 ஜிபியைத் தாண்டும். பத்திரங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் 300 போதும். பழைய குடும்பப் புகைப்படத்தை இரு மடங்கு பெரிதாக்கி அச்சிட 600 போதும்.

நான் பெரிதும் வலியுறுத்த விரும்புவது உணரியின் வகையைத்தான். இதில் உள்ளது சிஐஎஸ், அதாவது கண்ணாடிக்கு மிக அருகில் நகர்ந்து தாளைப் படிக்கும் உணரி. மெல்லிய உடலும், தனி மின்னிணைப்பின்றி யுஎஸ்பி கேபிளிலேயே இயங்கும் வசதியும் அதனால் வந்தவை. ஆனால் கண்ணாடியோடு ஒட்டியிருப்பது மட்டுமே அதற்குத் தெளிவாகத் தெரியும் என்பதால், தடித்த புத்தகத்தை விரித்துக் கவிழ்த்தால் நடுமடிப்பை ஒட்டி மேலெழும் வரிகள் மங்கி, நிழல் படிந்து பதிவாகும். பழைய நூல்களை மின்னாக்கம் செய்வோர், லென்ஸ் வழியே படிப்பதால் கண்ணாடியிலிருந்து சற்று விலகியதையும் தெளிவாகப் பதிவுசெய்யும் சிசிடி உணரி கொண்ட கருவியையே தேட வேண்டும். மூடியில் ஒளிமூலம் இல்லாததால் ஃபிலிம் நெகட்டிவ்களுக்கும் இது உதவாது. அந்த வேலைக்கு எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 பொருத்தமானது. தாள்களும் புகைப்படங்களும் மட்டுமே உள்ள வீட்டிற்கு லைடு 300ஐத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன்.