கிரிஸ்டா ஓட்டப் பழகிவிடும், நிறுத்துமிடம் பழகாது

ஸ்விஃப்டைக் கொடுத்துவிட்டு இன்னோவா கிரிஸ்டா எடுக்கலாமா, ஊருக்குள் ஓட்ட முடியுமா, நிறுத்த முடியுமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். இன்ஜின், மைலேஜ், சீட்டு பற்றியெல்லாம் அவருக்குத் தெரியும். வாடகை வண்டியில் எத்தனையோ முறை போய் வந்திருப்பார். அதனால் கேட்டதற்கு மட்டும் பதில். டீசல் மேனுவலை மூன்று வருடம் சென்னைக்குள்ளும் மலையிலும் ஓட்டியதில் தெரிந்துகொண்டது இது.

2024-இல் புது மாடல் வருவதற்கு முந்தைய ஸ்விஃப்டின் நீளம் 3,845 மி.மீ., அகலம் 1,735. கிரிஸ்டா நீளம் 4,735, அகலம் 1,830. மாறி வருகிறவர்கள் எல்லோரும் பயப்படுவது அகலத்துக்கு. கழித்துப் பார்த்தால் அகலத்தில் கூடுவது 95 மி.மீ., நாலு அங்குலம்கூட இல்லை. உயரமாக உட்காருவதாலும் இடது ஓரம் கண்ணுக்குத் தெரியாததாலும் அது பூதாகரமாகத் தோன்றுகிறது. எதிரே பஸ் வரும்போது வருகிற அந்தப் பதற்றம் பத்துப் பதினைந்து நாளில் போய்விடும். நீளத்தில் கூடுவது 890 மி.மீ., கிட்டத்தட்ட மூன்றடி. தொந்தரவு முழுக்க அந்த மூன்றடியில் இருக்கிறது.

சிறிய காரிலிருந்து மாறிய முதல் ஆறு மாதத்தில் டிங்கரிங்குக்குப் போவது பெரும்பாலும் முன் பம்பர் இல்லை. இடது பின் கதவின் அடிப்பாகமும் அதை ஒட்டிய வீல் ஆர்ச்சும்தான். திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் போகாது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். எவ்வளவு வெட்டும் என்பதை இரு அச்சுகளுக்கும் நடுவிலுள்ள தூரம் தீர்மானிக்கிறது. ஸ்விஃப்டுக்கு அது 2,450 மி.மீ., கிரிஸ்டாவுக்கு 2,750. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் கிரிஸ்டாவின் உள்பக்கப் பின் சக்கரம் முன் சக்கரத்தைவிட ஏறக்குறைய ஒரு மீட்டர் உள்ளே வரும். அதே வளைவில் ஸ்விஃப்ட் முக்கால் மீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். கை பழகியிருப்பது அந்த முக்கால் மீட்டருக்கு. வித்தியாசம் ஓர் அடிகூட இல்லை, ஆனால் வீட்டு கேட்டின் தூண் நிற்பது சரியாக அந்த இடைவெளிக்குள்.

இதற்கு மருந்து ஒன்றுதான்: தாமதமாக ஒடிப்பது. இடப்பக்கச் சந்துக்குள் திரும்பும்போது முனையிலிருந்து இரண்டடி தள்ளி நேராகப் போக வேண்டும். ஓட்டுநரின் தோள்பட்டை முனையைத் தாண்டிய பிறகுதான் ஒடிக்க வேண்டும். ஸ்விஃப்டில் அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே ஒடித்தாலும் தப்பிவிடலாம், இதில் முடியாது. தோள்பட்டை தாண்டும் வரை பொறுத்திருப்பது முதல் வாரம் பெரிய அவஸ்தை, எதிர்ச் சுவரில் போய் மோதப்போகிறோம் என்றே தோன்றும். மோதாது. முன் சக்கரம் கண்ணுக்கு முன்னால்தான் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். இடது கண்ணாடியைப் பின் கதவுக் கைப்பிடியும் பின் டயரும் தெரிகிற அளவுக்குக் கீழே சாய்த்து வைத்துக்கொள்ளுங்கள். மெயின் ரோட்டுக்கு வந்ததும் பழையபடி ஏற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் வருகிற பைக் தெரியாது.

வண்டியின் ஓரங்கள் எங்கே முடிகின்றன என்பதை மனக்கணக்கில் விடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு காலி மைதானத்துக்கு இரண்டு இருபது லிட்டர் காலி வாட்டர் கேன்களோடு போனால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். சீட்டை பானெட்டின் முனை தெரிகிற வரை உயர்த்திக்கொள்ளுங்கள். ஒரு கேனை முன்னால் வைத்து, அது பானெட்டுக்குப் பின்னால் மறைகிற கணத்தில் நிறுத்தி, இறங்கி டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இடது முன் டயருக்கு நேராக, பத்தடி தள்ளி ஒரு கேன். அது முன்பக்கக் கண்ணாடியின் அடியில் எந்த இடத்துக்கு நேரே தெரிகிறதோ அங்கே சின்னதாக ஒரு ஸ்டிக்கர். குழியில் டயரை இறக்காமல் ஓட்டவும் சாலை ஓரத்துக்கு ஒட்டி நிறுத்தவும் இந்த ஒரு ஸ்டிக்கர் போதும். ஒரு மாதத்தில் அதை உரித்தெறிந்துவிடலாம்.

எதிர்பாராத சந்தோஷம் ஒன்று சொல்ல வேண்டும். மெதுவாக நகர்த்துவதில் இந்த வண்டிக்கு நிகர் இல்லை. 2.4 லிட்டர் டீசலின் இழுவையால் ஆக்சிலேட்டரைத் தொடவே வேண்டாம். முதல் கியரிலோ ரிவர்ஸிலோ கிளட்சை மட்டும் விட்டால் நடக்கிற வேகத்துக்கும் குறைவாகத் தானே ஊர்ந்து போகும், சின்ன மேடு வந்தாலும் அணையாது. சிறிய பெட்ரோல் காரில் ஆக்சிலேட்டரும் கிளட்சும் மாறி மாறிக் கொடுத்து, திடீரென்று ஒரு எட்டு பாய்ந்து இடித்துவிடுகிற ஆபத்து இதில் இல்லை. வலது கால் பிரேக்குக்கு மேலேயே இருக்கலாம். அங்குலம் அங்குலமாக நிறுத்துகிற நிதானம் பெரிய வண்டியில்தான் கிடைக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஸ்டியரிங் அப்படி இல்லை. ஹைட்ராலிக் பவர் என்பதால் நின்ற இடத்தில் கனக்கும். நின்றுகொண்டே ஒடிக்கப் பார்க்காதீர்கள். கை வலிப்பது மட்டுமல்ல, டயரும் தேயும். வண்டி ஓர் அங்குலம் உருளத் தொடங்கியதும் ஒடித்தால் பாதி பலம் போதும். கடைசி வரை ஒடித்து அழுத்திப் பிடித்தால் பம்ப் முனகும். அப்போது ஒரு விரல் அளவு திருப்பி விட்டுவிட வேண்டும். வழக்கத்தைவிடக் கனமாக இருந்தால் முன் டயர் காற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இனி ரிவர்ஸ். பெரிய வண்டியைத் தூண்களுக்கு நடுவே எப்போதும் பின்பக்கமாகத்தான் விட வேண்டும். திரும்புகிற சக்கரம் முன்னால் இருப்பதால், பின்பக்கத்தை இடத்துக்குள் நுழைத்த பிறகும் மூக்கை இப்படி அப்படி அசைத்துச் சரிசெய்யலாம். மூக்கை முதலில் நுழைத்தால் பின் சக்கரம் வெட்டும் அந்த ஒரு மீட்டருக்கு இடம் இருக்காது. இடம் இடப்பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரிசையிலிருந்து ஆறடியாவது தள்ளி நேராகப் போய், நம் இடத்தையும் தாண்டி, அடுத்த இடத்தின் கடைசிக் கோட்டுக்குப் பின் டயர் வரும்போது நிறுத்த வேண்டும். அங்கிருந்து இடது முழு ஒடி. உள்பக்கத் தூணுக்கும் பின் டயருக்கும் ஒரு சாண் இடைவெளி இடது கண்ணாடியில் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரியவில்லையென்றால் பிடிவாதம் வேண்டாம். நேராக்கி நாலடி முன்னே எடுத்து மறுபடி வரலாம். வண்டி தூண்களுக்கு இணையாக வரும்போதே ஸ்டியரிங்கை நேராக்கத் தொடங்க வேண்டும்.

இதில் மறக்கிற விஷயம், பின்பக்கம் இடதுபுறம் நுழையும்போது வலது முன் முனை வெளியே வீசும். மூன்றரை, நாலடி வீசும். எதிர் வரிசையில் சைடு ஸ்டாண்டு போட்ட ஸ்கூட்டரைச் சாய்ப்பது இந்த முனைதான். எல்லோரும் பின்னால் கேமராவையே பார்த்துக்கொண்டிருக்க, அடி முன்னால் விழும். பின்னால் நின்று “வரலாம் வரலாம்” சொல்கிறவரையும் முன் முனைக்குப் போய் நிற்கச் சொல்லுங்கள்.

கேமரா தரையைத்தான் பார்க்கும். சன்ஷேடு, பால்கனி கிரில், சுவரில் மாட்டிய ஏசி அவுட்டோர் யூனிட், இவை எதுவும் அதில் சரியாகத் தெரியாது. 1,795 மி.மீ. உயரமுள்ள வண்டிக்கு இடைஞ்சல் மேலிருந்தும் வரும். மின்கம்பத்தின் ஸ்டே கம்பி போல மெல்லிசாகச் சாய்ந்து நிற்பதைச் சென்சாரும் கோட்டைவிடும். புது இடத்தில் ஒரு தரம் இறங்கிப் பார்ப்பது கேவலமில்லை.

இவ்வளவும் பழகிவிடும். மூன்று வருடத்துக்குப் பிறகும் தினமும் எரிச்சல் கிளப்புவது கதவு.

அடுக்குமாடிகளில் ஒரு காருக்கு வழக்கமாகக் கோடு போடுவது 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். 2,500-இல் 1,830 போனால் மிச்சம் 670 மி.மீ. சரியாக நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 335 மி.மீ. அதாவது ஓர் அடியும் ஓர் அங்குலமும். ஒரு பெரியவர் சாதாரணமாக இறங்க ஒன்றரையடிக்குக் குறையாமல் வேண்டும். அதுவும் கோட்டுக்குக் கோடு அளந்த கணக்கு. தூணின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து 2.5 என்று எழுதிக் கொடுத்திருந்தால், தூணின் பருமன் போக உள்ளபடி கிடைப்பது இன்னும் குறைவு. இப்படிக் கோடு போட்டு லட்சக்கணக்கில் விற்கிறவர்கள் ஒரு நாளாவது அந்தக் கோட்டுக்குள் ஒரு பெரிய வண்டியை நிறுத்தி, கைக்குழந்தையோடு இறங்கிப் பார்க்க வேண்டும்.

சமாளிக்க வழி உண்டு. நடுவில் நிறுத்தாதீர்கள். மற்றவர்களை வெளியிலேயே இறக்கிவிட்டு இடப்பக்கம் 12 செ.மீ. மட்டும் விட்டால் வலப்பக்கம் 55 செ.மீ. கிடைக்கும், ஓட்டுநர் இறங்கிவிடலாம். இடப்பக்கம் தூண் இருந்தால்தான் இது சரி. அடுத்தவர் கார் இருந்தால் அவர் கதவை நாம் அடைத்ததாகிவிடும். வலப்பக்கம் தூண் என்றால் அது கதவுக்கு நேரே வராதபடி வண்டியை ஓர் அடி முன்னே பின்னே தள்ளி, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் தூண் வரும்படி நிறுத்துங்கள். அந்த இடம் கிடைத்ததும் பின் டயருக்குப் பின்னால் தரையில் ஒரு ரப்பர் தடுப்பைப் பதித்துவிட்டால் தினமும் தேட வேண்டாம். தூணில் கதவு படுகிற உயரத்தில் கெட்டியான ஃபோம் ஷீட்டைச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

நீளத்தில் மிச்சம் 26.5 செ.மீ. பின்பக்கமாக விட்டால் சுவரை ஒட்டி டிக்கி வரும், மேல்நோக்கித் திறக்கிற அந்தக் கதவுக்குப் பின்னால் மூன்றடி வேண்டும். ஆகவே ஊருக்குப் போகிற அன்று வண்டியை வெளியே எடுத்துத்தான் பெட்டி ஏற்ற முடியும். மூன்றாவது வரிசைக்குப் போகிறவர்களும் அப்போதுதான் ஏற முடியும், நடுக்கதவு முழுக்கத் திறக்க வேண்டுமே. மழை நாளில் வயதான அம்மா அப்பாவை ரோட்டோரம் நிறுத்தி ஏற்றுவது எந்த வண்டிக்காரருக்கும் பிடித்த காரியமில்லை.

நெடுஞ்சாலை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, அங்கே இது ராஜா. நாம் முந்திவந்த வண்டியின் இரண்டு ஹெட்லைட்டும் உள்கண்ணாடியில் தெரிந்த பிறகு இடப்பக்கம் வாருங்கள், அந்த மூன்றடி கணக்கில் வந்துவிடும். ஸ்விஃப்டைப் போல ஏறக்குறைய இரு மடங்கு எடை, ஆள் நிரம்பினால் இன்னும் மேல். பிரேக்கைச் சீக்கிரமே தொடங்க வேண்டும். வால்பாறையின் 40 கொண்டை ஊசிகளிலும் தாமதமாக ஒடிக்கிற அதே விதிதான். உள்பக்கம் ஓடை இருக்கிற வளைவில் அவசரப்பட்டால் பின் சக்கரம் அதில் இறங்கிவிடும். பின் சக்கர இழுவை என்பதால் ஈரமான செங்குத்துச் சரிவில் பின்னால் ஆளில்லாமல் ஏறும்போது பின் டயர் வழுக்கலாம். நிறுத்தாமல் ஒரே சீராக ஏறுங்கள்.

ஆக, ஓட்ட முடியுமா என்றால் இரண்டே மாதத்தில் முடியும். நீண்ட பயணத்துக்கு இதைவிட நிம்மதியான வண்டி எனக்குத் தெரியாது. ஆனாலும் நண்பருக்கு என் பதில் வேண்டாம் என்பதே. அவர் வீட்டு ஸ்டில்ட்டில், அதாவது கட்டடத்துக்குக் கீழே தூண்களுக்கு நடுவிலுள்ள நிறுத்துமிடத்தில், தூணுக்குத் தூண் 2.3 மீட்டர். 2,300-இல் 1,830 போனால் 470. இடப்பக்கம் தூணோடு ஒட்டி உரசினாற்போல் நிறுத்தினால்கூட வலப்பக்கம் கிடைப்பது ஒன்றரையடி. தினம் இரண்டு வேளை, வருடம் முழுக்க, அந்த ஒன்றரையடிக்குள் வயிற்றை எக்கிக்கொண்டு இறங்க வேண்டும். வேறு யாராவது இதே யோசனையில் இருந்தால், ஷோரூமுக்குப் போவதற்கு முன் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போய்த் தூணின் உள்முகத்திலிருந்து உள்முகத்துக்கு அளந்து பாருங்கள். 2.6 மீட்டருக்கு மேல் வந்தால் தயங்காமல் எடுக்கலாம்.