வானவில் துணியில் ஒரு 55: முட்டோம்போ ஜெர்சி குறித்து

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் ஆடிய காங்கோ நாட்டு வீரர் டிகெம்பே முட்டோம்போவின் 55ஆம் எண் ஜெர்சி ஒன்றை வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை, அவர் 2024 செப்டம்பர் 30 அன்று, தம் 58ஆம் வயதில், மூளைப் புற்றுநோயால் காலமானார் என்ற செய்தியைப் படித்த நாளிலிருந்தே எனக்கு இருந்தது. அண்மையில் பழைய பாணி விளையாட்டு உடைகளை விற்கும் இணையக் கடை ஒன்றில் 6,800 ரூபாய் கொடுத்து அதை வாங்கினேன். துணியில் எனக்குப் பெரிய குறை இல்லை. துணியோடு சேர்த்து அவர்கள் விற்ற கதையில்தான் குறை இருக்கிறது.

முதலில் துணியைச் சொல்லிவிடுகிறேன். சிறு துளைகள் கொண்ட அடர்நீலப் பாலியஸ்டர் வலைத்துணி. முட்டோம்போ முதலில் ஆடிய டென்வர் நகெட்ஸ் அணி எண்பதுகளில் அணியத் தொடங்கிய வானவில் பட்டைகளும், பனிமலைகளும், நகரத்துக் கட்டடங்களின் நிழலுருவும் அதில் இருக்கின்றன. எண்ணை அச்சடிக்காமல், தனித்துணியில் வெட்டி, ஓரம் முழுவதும் நெருக்கமாகத் தைத்து இணைத்திருக்கிறார்கள். முதுகுப்புறத்து இரண்டாவது 5இன் அடிவளைவில் மட்டும் தையலை முடிச்சிடாமல் விட்டதால் ஒரு விரற்கடை நீளத்துக்கு நூல் தொங்கியது. ஊசி எடுத்து நானே முடிந்துவிட்டேன். மூன்று முறை துவைத்தும் சாயம் போகவில்லை. அக்குள் பக்கம் அகலமாக வெட்டியிருப்பதால் உள்ளே பனியன் இல்லாமல் அணிய இயலாது. வழக்கமாக 42 அங்குலச் சட்டை அணியும் எனக்கு ‘லார்ஜ்’ தொளதொளவென்று இருந்தது. ஓர் அளவு குறைத்தே வாங்கியிருக்கலாம்.

இனி கதைக்கு வருகிறேன். கடையின் விளம்பரப் பக்கத்தில், 1994ஆம் ஆண்டு சியாட்டில் அணியை வீழ்த்தியபோது முட்டோம்போ அணிந்திருந்த ஜெர்சி இதுவே என்று எழுதியிருந்தது. அது தவறு. நகெட்ஸ் அணி வானவில் உடையை 1992-93 பருவத்தோடு கைவிட்டு, அடுத்த பருவத்தில் கருநீலமும் பொன்னிறமும் கலந்த புதிய உடைக்கு மாறிவிட்டது. அந்தப் புகழ்பெற்ற புகைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: ஆட்டம் முடிந்த கணத்தில் தரையில் மல்லாந்து கிடந்தபடி, இரு கைகளாலும் பந்தைத் தலைக்கு மேலே இறுகப் பற்றிக்கொண்டு, வாய்கொள்ளாத சிரிப்போடு இருக்கும் முட்டோம்போவின் உடம்பில் இருப்பது கருநீல உடை, வானவில் எங்கும் இல்லை.

அந்த ஆட்டத்தின் கனம் தெரிந்தவர்களுக்கு இது சின்னப் பிழையாகத் தோன்றாது. அந்தப் பருவத்தில் சியாட்டில் சூப்பர்சானிக்ஸ் 63 வெற்றிகளோடு பிளே-ஆஃப் எனப்படும் இறுதிக்கட்டச் சுற்றுக்கான வரிசையில் முதலிடத்தில் இருந்தது. டென்வர் 42 வெற்றிகளோடு எட்டாவது இடத்தில் தொற்றிக்கொண்டிருந்தது. ஐந்து ஆட்டங்கள் கொண்ட தொடரில் முதல் இரண்டையும் தோற்ற டென்வர், அடுத்த இரண்டையும் சொந்த ஊரில் வென்று, மே 7 அன்று சியாட்டில் மண்ணிலேயே கூடுதல் நேரத்தில் தொடரைக் கைப்பற்றியது. எட்டாவது இடத்திலிருந்த அணியொன்று முதலிடத்து அணியை வெளியேற்றியது என்.பி.ஏ. வரலாற்றில் அதுவே முதல் முறை. அந்த ஐந்து ஆட்டங்களில் முட்டோம்போ செய்த பிளாக்குகள், அதாவது எதிராளி எறிந்த பந்து ரிங் எனப்படும் கூடை வளையத்துக்குப் போகுமுன் கையால் தடுத்தவை, 31. ரிங்கை நோக்கி ஓடிவந்த சியாட்டில் வீரர்கள் கடைசி நேரத்தில் மனம் மாறி வெளியே பாஸ் கொடுத்தவை எந்தக் கணக்கிலும் இல்லை. ரிங்குக்கு அருகே நின்று காக்கும் சென்டராக ஆடிப் பழகியவர்களுக்குத் தெரியும், தடுப்பாட்டத்தின் பெரும்பகுதி அந்த எழுதப்படாத கணக்கில்தான் இருக்கிறது.

அப்படியானால் இந்த வானவில் ஜெர்சி எதை நினைவூட்டுகிறது? அவருடைய முதல் இரண்டு பருவங்களை. புதிய வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 1991 தேர்வில் நான்காவதாக எடுக்கப்பட்டு வந்த முட்டோம்போ, முதல் பருவத்திலேயே லீகின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார்; ஆட்டத்துக்குச் சராசரியாக 16.6 புள்ளிகள் எடுத்தார். தம் வாழ்நாளில் வேறெந்தப் பருவத்திலும் அவர் அவ்வளவு எடுத்ததில்லை. ஆனால் அணி வென்றது 82 ஆட்டங்களில் 24 மட்டுமே. அவருடைய புள்ளிகள் குறைந்து பிளாக்குகள் பெருகியபோதுதான் அணியும் மேலேறியது என்பதை வைத்துப் பார்த்தால், கடைக்காரர் விற்பது மாபெரும் தடுப்பாட்டக்காரர் ஒருவர் இன்னும் தம் வேலையைக் கண்டுகொள்ளாத காலத்துச் சட்டை. எனக்கு அதுவும் பிடித்தே இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லி விற்றிருக்க வேண்டும்.

பெட்டிக்குள் ஜெர்சியோடு ஓர் அட்டையும் வந்தது. அதில் அவர் ஆட்காட்டி விரலை ஆட்டும் கேலிச்சித்திரம். கீழே இரண்டு வரி. பிளாக் செய்துவிட்டு, வேண்டாம் என்று குழந்தையைக் கண்டிப்பதுபோல அவர் விரலாட்டியது உலகப் புகழ் பெற்றதுதான். எதிராளியின் முகத்துக்கு நேரே ஆட்டியதற்கு நடுவர்கள் டெக்னிக்கல் ஃபவுல் என்ற நடத்தைக் குற்றம் கொடுக்கத் தொடங்கியதும், மனிதர் விரலைப் பார்வையாளர் பக்கம் திருப்பிக்கொண்டார். ரசிக்கத்தக்க குறும்பு. ஆனாலும் 18 பருவங்கள் ஆடிய ஒருவரை ஒற்றை விரலில் அடக்குவது நியாயமில்லை. ஏழடி இரண்டங்குல உயரம் இருந்தும் அவர் உயரத்தை மட்டும் நம்பவில்லை. பந்து கையைவிட்டுப் புறப்படும்வரை பொறுத்திருந்து எழும்பும் நிதானம் அவருடையது. முழங்கைகளை அகல விரித்து, கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்கும், அதாவது ரீபவுண்ட் எடுக்கும் பழக்கத்தால் சக வீரர்களே அஞ்சி விலகியதும் உண்டு.

மொத்தக் கணக்கு 3,289 பிளாக்குகள். 3,830 செய்த ஹக்கீம் ஒலாஜுவான் மட்டுமே அவருக்கு மேலே இருக்கிறார். 1973-74 பருவத்துக்கு முன் என்.பி.ஏ. பிளாக்குகளை எண்ணவே இல்லை என்பதால் அதற்கு முன் ஆடிய பெரும் சென்டர்களான பில் ரசலும் வில்ட் சேம்பர்லினும் இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இதைப் படிக்க வேண்டும். ஆண்டின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதை 1995, 1997, 1998, 2001 ஆகிய நான்கு ஆண்டுகளில் பெற்றார். கோப்பை மட்டும் கிட்டவில்லை. 2001 இறுதித் தொடரில் ஃபிலடெல்ஃபியா அணிக்காக, லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியின் சென்டர் ஷகீல் ஓனீலை எதிர்கொண்டபோது, முதல் ஆட்டத்தை வென்ற அணி அடுத்த நான்கையும் தோற்றது. தோளால் இடித்துக்கொண்டே ரிங்குக்கு அடியில் வந்துவிடும் ஒருவரைப் பிளாக்கால் நிறுத்த முடியாது என்பதற்கு அந்தத் தொடரே சான்று.

அட்டையில் இடமில்லாமல் போனவற்றுள் எனக்கு மிகவும் உறுத்தியது காங்கோ தலைநகர் கின்ஷாசாவில் அவர் கட்டிய மருத்துவமனை. மருத்துவராகும் எண்ணத்தோடு 1987இல் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் முட்டோம்போ. கூடைப்பந்து அதற்குப் பிறகே குறுக்கிட்டது. கலவரத்தால் தெருக்கள் மூடப்பட்டிருந்த நேரத்தில், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வழியில்லாமல் அவருடைய தாயார் இறந்துபோனார். அந்தத் தாயாரின் பெயரால், தம் கைப்பணம் ஒன்றரைக் கோடி டாலருக்கு மேல் கொடுத்து, 300 படுக்கைகள் கொண்ட பியாம்பா மரீ முட்டோம்போ மருத்துவமனையைத் தாம் பிறந்த நகரத்தில் எழுப்பினார். 2007இல் அது திறக்கப்பட்டபோது அவர் ஹூஸ்டன் அணியில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தார். இரண்டு வரி எழுத இடமிருந்த அட்டையில் ஒரு வரியை இதற்கு ஒதுக்கியிருக்கலாம்.

ஆண்டுப் பிழையைச் சுட்டிக்காட்டி எழுதியதற்கு, விருப்பமிருந்தால் திருப்பி அனுப்பலாம் என்று இரண்டாம் நாளே கடையிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. விளம்பரப் பக்கத்தை மட்டும் இன்னும் திருத்தவில்லை. நான் திருப்பி அனுப்பவில்லை. 1994ஐ நினைத்து வாங்க விரும்புகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன் 1993-94 பருவத்துக் கருநீல ஜெர்சி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளவும். வானவில்தான் வேண்டும் என்பவர்கள், வந்தவுடன் இரண்டு 5களின் ஓரத் தையலையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, உட்புறத்தை வெளியே திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைக்கவும். எண்ணின் மேல் இஸ்திரி வைக்க வேண்டாம்.