தனி வசனமா, முழு அதிகாரமா? வேலூர் சபைகளில் வேதம் மனப்பாடமாகும் விதங்கள்

வேலூரில் ஒரே தெருவில் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம், கத்தோலிக்கக் குடும்பம், பெந்தெகொஸ்தே குடும்பம் மூன்றும் இருப்பது சாதாரணம். மூன்று வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிட்டு, பத்துக் கட்டளைகளில் ஐந்தாம் கட்டளை என்ன என்று கேட்டுப் பாருங்கள். சிஎஸ்ஐ பிள்ளையும் பெந்தெகொஸ்தே பிள்ளையும் தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளை கொலை செய்யாதே என்று சொல்லும். ஆம்பூரிலிருந்து ஒரு லுத்தரன் பிள்ளை வந்திருந்தால் அதுவும் கத்தோலிக்கப் பக்கம்தான் நிற்கும். யார் சொன்னதும் தப்பில்லை. யாத்திராகமம் 20-இல் கட்டளைகளுக்கு எண்ணே போடவில்லை. ஆதித் திருச்சபைப் போதகர் அகுஸ்தீன் வழியில் எண்ணுகிறவர்கள் விக்கிரகம் பற்றிய பகுதியை முதல் கட்டளைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, கடைசியில் வரும் இச்சிக்காதே என்ற கட்டளையை இரண்டாகப் பிரிக்கிறார்கள். சீர்திருத்த சபை மரபில் விக்கிரகம் தனியாக இரண்டாம் கட்டளை ஆகிவிடுகிறது. அதாவது பிள்ளை ஒன்று, இரண்டு என்று விரல் விட்டு ஒப்பிக்கும்போதே ஒரு வியாக்கியானமும் கூடவே உள்ளே போய்விடுகிறது. எந்தச் சபை எப்படி மனப்பாடம் பண்ண வைக்கிறதோ, அந்தச் சபையின் ஜனங்கள் வேதத்தை அப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள் என்பது என் எண்ணம்.

பெந்தெகொஸ்தே சபைகளிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இன்றைக்கு மற்ற சபைகளுக்கும் பரவியிருப்பது அவர்களுடைய வழிதான். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் வருஷத்துக்கு ஒரு வாக்குத்தத்த வசனம், ஒவ்வொரு மாதப் பிறப்புக்கும் இன்னொன்று, அதை அட்டையில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். வசனத்தை வாய்விட்டு அறிக்கை செய்ய வேண்டும், அது எனக்கே சொல்லப்பட்டது என்று பிடித்துக்கொள்ள வேண்டும். இதைக் குறைத்துப் பேச எனக்கு மனசு வராது. சிஎம்சி மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறவருக்கு முழு அதிகாரம் நினைவுக்கு வராது, ஒரு வரிதான் வரும். அந்த ஒரு வரி அவர் நெஞ்சில் ஏற்கெனவே இருக்க வேண்டுமே, அதை இவர்கள் செய்து வைத்திருக்கிறார்கள்.

சிக்கல் எங்கே என்றால், அட்டையில் ஒரு வசனத்துக்குத்தான் இடம் இருக்கிறது. எரேமியா 29:11 தெரியாதவர் யாரும் இல்லை: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா அனுப்பிய கடிதம் அது. அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள் என்கிறார். 28-ஆம் அதிகாரத்தில் அனனியா என்கிற தீர்க்கதரிசி வந்து, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று கர்த்தருடைய பேரில் சொல்லியிருந்தார். ஜனங்களுக்குக் கேட்க இனிப்பாக இருந்தது அனனியாவின் வார்த்தைதான். நாம் 29:11-ஐ எடுத்து இந்த வருஷமே வேலை கிடைக்கும், விசா வரும் என்று பிடித்துக்கொள்ளும்போது எரேமியாவின் வசனத்தை அனனியாவின் அர்த்தத்தில் படிக்கிறோம். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. நோயாளி பிழைக்காமல் போகும் வீட்டில், கர்த்தர் வாக்குத் தவறிவிட்டார் என்றோ, உங்களுக்கு விசுவாசம் போதவில்லை என்றோ பேச்சு வருவது இந்த இடத்திலிருந்துதான்.

ஆம்பூர்ப் பக்கத்து ஐஇஎல்சி (இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) சபைகள் இதற்கு நேர் எதிர். 1529-இல் மார்ட்டின் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் பாடநூல்தான் அவர்களுக்கு அடிப்படை. ஒரு கட்டளையை ஒப்பித்தால் அதோடு விட மாட்டார்கள், இதற்கு அர்த்தம் என்ன என்ற கேள்வி உடனே வரும், பதிலையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். கொலை செய்யாதே என்பதற்கு அந்தப் பதில், அயலானுடைய உடம்புக்குத் தீங்கு செய்யாமல் இருப்பதோடு அவனுக்குத் தேவையான உதவியும் செய்ய வேண்டும் என்று போகும். பத்து வயதுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய சொத்து! ஆனால் பதில் முன்கூட்டியே எழுதப்பட்டது. நாற்பது வயதிலும் அதே பதிலையே சொல்லிக்கொண்டிருந்தால் வேதத்திடம் புதிதாக ஒன்றும் கேட்கத் தோன்றாமல் போகலாம்.

கத்தோலிக்கருக்கு வசன எண் தெரியாது என்று நம் ஆட்கள் கேலி செய்வது எனக்குப் பிடிக்காத ஒன்று. லூக்கா முதல் அதிகாரத்தில் தூதனும் எலிசபெத்தும் சொன்ன வார்த்தைகளை ஜெபமாலையில் தினமும் சொல்கிறார்கள், திருப்பலியில் பதிலுரைப் பாடலாகச் சங்கீதங்களைப் பாடுகிறார்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்று வருஷச் சுற்றில் வருவதால் ஃபாதர் தனக்குப் பிடித்த பகுதியை மட்டும் வாசித்துக்கொண்டிருக்க முடியாது. வியாக்கியானம் என்று வந்தால், வேதமும் திருச்சபை மரபும் சேர்ந்தே போக வேண்டும், அதிகாரபூர்வமாக விளக்கும் பொறுப்பு திருச்சபையின் போதக அதிகாரத்துக்கு உரியது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட ஏட்டில் சொன்னது. அதே ஏடு எல்லா விசுவாசிகளும் வேதத்தை அடிக்கடி வாசிக்க வேண்டும் என்றும் வற்புறுத்தியது. அந்த இரண்டாவது பாதி வீடுகளுக்குள் இன்னும் போதுமான அளவு வரவில்லை என்று கத்தோலிக்க நண்பர்களே வருத்தப்படுகிறார்கள்.

பிரதரன் சபைகளில் ஒரு வசனத்துக்கு இன்னொரு வசனமே விளக்கம். ஒத்தவாக்கியத்தை, அதாவது ஒரே சொல்லோ கருத்தோ வரும் மற்ற வசனங்களை, பிடித்துக்கொண்டு ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தல் வரை ஓடுவார்கள், அந்த அளவுக்கு வேதம் தெரிந்தவர்களை வேறெங்கும் பார்க்க முடியாது. ஆனால் எந்தப் புத்தகத்தை யார், எந்தக் காலத்தில், யாருக்கு எழுதினார்கள் என்பது அந்த ஓட்டத்தில் பின்னால் தங்கிவிடுகிறது.

அப்புறம் நம்ம சிஎஸ்ஐ. அமெரிக்க மிஷனரிகளின் ஆற்காடு மிஷன் காலத்திலிருந்தே ஓய்வுநாள் பாடசாலை இங்கே பலமாக இருக்கிறது. வசனப் போட்டி, மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி, பரிசு எல்லாம் உண்டு. சங்கீதம் 119-இன் 176 வசனத்தையும் பிசகாமல் சொல்லும் பாட்டிமார்கள் கிராமத்துச் சபைகளில் இருக்கிறார்கள். அந்தச் சங்கீதம் எபிரெயுவில் நம் ஆத்திசூடி மாதிரி அகரவரிசையில் அமைந்தது, மனப்பாடத்துக்கென்றே கட்டின மாதிரி இருக்கும். பிரசங்க மேடையில் நடப்பது வேறு. இறையியல் கல்லூரியில் படித்து வரும் ஆயர்கள் வரலாற்றுப் பின்னணி சொல்கிறார்கள், சிலர் வேதத்தைத் தலித் ஜனங்களின் அனுபவத்திலிருந்து வாசிக்கும் தலித் இறையியல் பார்வையில் பேசுகிறார்கள். உபாகமம் 26-இல் எகிப்தில் அடிமைகளாயிருந்தோம், கூப்பிட்டோம், கர்த்தர் கேட்டார் என்று வருகிற அறிக்கையை இறையியலாளர் அர்விந்த் நிர்மல் தலித் ஜனங்களின் அறிக்கையாக வாசித்துக் காட்டினார். வட ஆற்காட்டுக் காலனிச் சபைகளில் அந்தப் பகுதியை வாசித்தால் ஜனங்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் அது எங்கள் மனன வசனப் பட்டியலில் இல்லை! ஆயர் ஒரு வேதத்தைப் பிரசங்கிக்கிறார், பிள்ளைகள் வேறொரு வேதத்தை மனப்பாடம் செய்கிறார்கள்.

எது மேல் என்று கேட்டால், தனி வசனத்தை விட்டுப் பகுதியாகப் படிக்கிற வழிதான் என்பேன், அதற்கு எனக்கு ஆதாரம் வனாந்தரத்தில் பிசாசு இயேசுவைச் சோதித்ததைச் சொல்லும் மத்தேயு 4. பிசாசுக்கும் மனப்பாடம் இருந்தது. சங்கீதம் 91-ஐத்தான் சொன்னான், அதிலும் "உன் வழிகளிலெல்லாம்" என்பதை விட்டுவிட்டுச் சொன்னான். இயேசு மூன்று முறையும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து பதில் சொன்னார். நாற்பது வருஷம் வனாந்தரத்தில் சோதிக்கப்பட்ட ஜனத்தைப் பற்றிய பகுதி அது, நாற்பது நாள் வனாந்தரத்தில் இருந்தவர் அதை எடுத்துப் பேசினார். அவர் நெஞ்சில் இருந்தது முழுப் பகுதி.

வரும் மே மாதப் பள்ளிக்குப் பாடம் போடுகிறவர்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான்: நாளுக்கு ஒரு வசனம் என்று பத்து இடத்திலிருந்து பொறுக்காமல், எரேமியா 29-இல் 4 முதல் 14 வரை ஒரே பகுதியாகக் கொடுங்கள். மொத்தம் 11 வசனம், பிள்ளைகளால் முடியும். பெரிய பிள்ளைகளுக்கு உபாகமம் 26-இல் 5 முதல் 9 வரை. ஒப்பித்து முடித்ததும் இதற்கு அர்த்தம் என்ன என்று லுத்தரன்கள் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேளுங்கள், பதிலை மட்டும் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் சொல்லட்டும்.